இருபத்து நான்கில் ஒரு பங்கு

1936ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், துப்பாக்கித் தொழிற்சாலைகளில் லேத் ஓட்டிக் கைதேர்ந்த நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கிராண்ட் பிரி பந்தயக் காரைக் கட்டினார்கள். சுற்றுக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளும் பக்கத்து ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம் பந்தயச் சாலையில், ஜெர்மானிய, இத்தாலியக் கார்களோடு அதை ஓடவிட்டார்கள். இதில் லியேஜின் துப்பாக்கித் தொழில் நிஜம், ஸ்பாவும் நிஜம். காரும் அதைக் கட்டியவர்களும் கற்பனை. மாதிரிக் கார் செய்கிறவர்களில் ஒரு சாரார் இப்படி ஒரு பொய்யில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். அசல் இல்லாமலே நகல் எடுக்கிற வேலை அது.

அசலே இல்லாதபோது யார் வந்து தப்பு சொல்ல முடியும்? சொல்வார்கள். விவரம் தெரிந்த ஒருவர் பார்த்த மாத்திரத்தில், “எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு இத்துனூண்டு ரேடியேட்டரா? ரெண்டாவது சுற்றிலேயே கொதிச்சுப் போயிருக்குமே!” என்று கேட்டுவிடுவார். அந்தக் காலப் பந்தயக் காரில் வெறும் அழகுக்காக வைத்த வளைவு அபூர்வம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வெப்பக் கணக்கோ எடைக் கணக்கோ இருக்கும். கற்பனைக் காருக்கும் அந்தக் கணக்குகளைப் போட்டே ஆக வேண்டும்.

1934 முதல் 1937 வரை கிராண்ட் பிரி கார்களுக்கு ஒரு விதி இருந்தது. ஓட்டுநர், எரிபொருள், எண்ணெய், தண்ணீர், டயர் நீங்கலாக எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது. உடலின் அகலம் 85 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. எடையைக் கட்டிப்போட்டால் எஞ்சின் சிறுக்கும், வேகம் அடங்கும் என்பது விதி எழுதியவர்களின் நினைப்பு. நடந்தது நேர்மாறு. பொறியாளர்கள் சட்டகத்தையும் உடலையும் இலேசாகச் செய்து, மிச்சம் பிடித்த கிலோக்களை எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். ஆட்டோ யூனியனின் 1936ஆம் ஆண்டுக் காரில் ஓட்டுநருக்குப் பின்னால் 16 சிலிண்டர், 6 லிட்டர் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. திறன் 520 குதிரை.

நம் லியேஜ்காரர்களிடம் அவ்வளவு பணம் ஏது? அவர்களுக்கு வரிசையாக எட்டு சிலிண்டர் போதும். ஆனால் எட்டு சிலிண்டரை ஒரே வரிசையில் நிறுத்தினால் எஞ்சின் ஒரு மீட்டர் நீண்டுவிடும், பானெட்டும் நீளும். உள்ளே சூடாகும் காற்று வெளியேறப் பானெட்டின் இரு பக்கமும் வரிவரியாகப் பிளவுகள் வேண்டும். அன்றைய பந்தய எஞ்சின்கள் மெத்தனால் கலந்த எரிபொருளைக் குடித்தன. மெத்தனால் ஆவியாகும்போது வெப்பத்தை வாரி உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும். ஆனால் ஒரு கிலோவில் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் பாதிக்கும் குறைவு. ஆகவே டாங்க் பெரிதாக வேண்டும். அதை வைக்க ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்தான் இடம். பழைய படங்களில் நாம் பார்த்து மயங்கும் அந்தக் கொழுத்த, கூம்பிய வால் பகுதி உண்மையில் ஒரு எரிபொருள் பீப்பாய்க்குப் போட்ட சட்டை.

உருவம் முடிவானதும் அளவு. கார் மாதிரிகளில் அதிகம் புழங்குவது 1/24. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற பழைய கணக்கு அது. அதன்படி 85 சென்டிமீட்டர் அகலம் 35 மில்லிமீட்டராகும். இதுவரை சிக்கல் இல்லை. நீளம் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்கும், மற்றவை கேட்பதில்லை. நீளம் 24இல் ஒரு பங்கானால் பரப்பு 576இல் ஒரு பங்காகும், கன அளவு 13,824இல் ஒரு பங்காகும். 750 கிலோ கார் சரியாகச் சிறுத்தால் 54 கிராம்தான் இருக்க வேண்டும். வார்ப்பு உலோகத்தில் செய்த 200 கிராம் மாதிரி கைக்குக் கனமாக, நிஜமாகத் தோன்றும். அதையே திருப்பிப் பெருக்கினால் 2,700 கிலோவுக்கு மேல் வரும். லாரி எடை! உருவம் மாறாமல் அளவு மட்டும் மாறினால் வலிமையும் எடையும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்று கலிலியோ 1638இலேயே விளக்கிவிட்டார். அச்சின் குறுக்குப் பரப்பு 576 மடங்கு குறைய, அது தாங்க வேண்டிய எடை 13,824 மடங்கு குறைகிறது. மாதிரி செய்கிறவருக்கு இது வரப்பிரசாதம். மெல்லிய பித்தளைக் கம்பியே அச்சாகத் தாங்கிவிடும்.

தகடு அப்படி விடாது. அசல் காரின் அலுமினியத் தகடு 1.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் 0.05. அந்தக் காலத்து உடல் கட்டும் தச்சர்கள் மர அச்சின் மேல் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்தார்கள். தட்டத் தட்ட அலுமினியம் இறுகும். மேலும் தட்டினால் கிழியும். சூடு காட்டினால் மீண்டும் இளகும். ஆனால் இரும்புபோல அலுமினியம் சிவந்து எச்சரிக்காது, திடீரென்று உருகிவிடும். அதனால் தகட்டில் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடாக்குவார்கள். சோப்பு கருத்தால் போதும், நெருப்பை எடுத்துவிடலாம். தகட்டில் உடல் செய்யும் மாதிரிக் கலைஞர்களும் இதே சோப்பைத்தான் நம்புகிறார்கள். தகட்டோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள் மரத்தில் செதுக்கி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு முடித்துவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லாதவரை.

ஆளையே விழுங்கும் வேலை சக்கரம். சைக்கிள் சக்கரம் போலவே கம்பி போட்ட சக்கரங்கள்தான் அன்றைய பந்தயக் கார்களுக்கு. ஒவ்வொன்றிலும் அறுபது, எழுபது ஸ்போக்ஸ். ஸ்போக்ஸ் கம்பி இழுவையைத் தாங்கும், அழுத்தத்தைத் தாங்காது, வளைந்துவிடும். அதனால் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே முறுக்கி இழுத்து வைக்கிறார்கள். காரின் பாரம் இறங்கும்போது அடிப்பக்கக் கம்பிகளின் இழுவை கொஞ்சம் தளர்கிறது, அவ்வளவுதான். எஞ்சினின் திருகலையும் பிரேக்கின் திருகலையும் ரிம்முக்குக் கடத்த, கம்பிகள் நடுவிலிருந்து நேராகப் போகாமல் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. இந்தக் குறுக்கு நெசவைத் தப்பாகச் செய்தால் மாதிரியின் குட்டு உடைந்துவிடும்.

19 அங்குல ரிம் மாதிரியில் 20 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் கம்பி 0.17 ஆகிறது, தலைமுடியைவிடத் தடிமன். சுருளிலிருந்து எடுத்த கம்பி வளைந்தே இருக்கும். ஒரு முனையை வைஸில் கடித்து, மறுமுனையைக் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். முதலில் கம்பி எதிர்க்கும். பிறகு கைக்குத் தெரியும்படி லேசாக ‘கொடுக்கும்’. மீள்தன்மையின் எல்லையைக் கம்பி தாண்டும் கணம் அது. அதற்குப் பிறகு அது பழைய வளைவை மறந்து நேராகிவிடுகிறது. பித்தளைத் தகட்டில் ஃபெரிக் குளோரைடால் அரித்தெடுத்த ரெடிமேட் ஸ்போக்ஸும் கிடைக்கிறது. அவை தட்டையாக இருக்கும். உருண்டைக் கம்பியில் விழும் ஒளிக்கோடு அவற்றில் விழாது. என்னைக் கேட்டால், கம்பி கோத்த சக்கரத்துக்கு அது ஈடாகாது.

அடுத்து பெயிண்ட். அன்று நாட்டுக்கொரு நிறம்: இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், பிரிட்டனுக்குப் பச்சை, பெல்ஜியத்துக்கு மஞ்சள். ஜெர்மானியர்களின் வெள்ளை எப்படி வெள்ளியானது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1934இல் மெர்சிடிஸ் கார் எடைமேடையில் ஒரு கிலோ கூடுதலாக நிற்க, இரவோடிரவாக வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தார்களாம். வரலாற்றாய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. ஆனால் கணக்கு இடிக்கவில்லை: எட்டு சதுர மீட்டர் பரப்பில் 0.1 மில்லிமீட்டர் பூச்சு என்றால் காய்ந்த பெயிண்ட் ஏறத்தாழ ஒரு கிலோ வரும்.

அந்த 0.1 மில்லிமீட்டர் மாதிரியில் 4 மைக்ரான் ஆக வேண்டும். ஏர்பிரஷ்ஷில் எவ்வளவு நயமாக அடித்தாலும் அப்படி வராது. சில பூச்சுகளிலேயே 30 மைக்ரானை எட்டிவிடும். மஞ்சளோ அடியில் இருப்பதை மறைப்பதில் மிக மோசமான நிறம். கீழே வெள்ளை அடிக்காவிட்டால் அழுக்காகத் தெரியும். ஆக, பூச்சு இன்னும் தடிக்கும். பானெட் இடைவெளி அசலில் 2 மில்லிமீட்டர் என்றால் இங்கே 0.08தான், இரு கரையிலும் பெயிண்ட் ஏறினால் கோடே அடைந்துபோகும். அதனால் கோட்டை வேண்டுமென்றே அகலமாகக் கீறிவைக்கிறார்கள். கோட்டை அடைக்கும் அதே பெயிண்ட் உதவிக்கும் வருகிறது. நீர்த்த கறுப்புப் பெயிண்டைத் தூரிகை நுனியால் கோட்டின் ஒரு முனையில் தொட்டால் போதும், நுண்புழை விசையால் அது தானாகவே கோடு நெடுக ஓடிவிடும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி.

எதுவரை நுணுக்கம் வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மாதிரியை 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, அசல் காரை 9.6 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். நல்ல கண்ணால் அந்தத் தூரத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்தறிவது கஷ்டம். திருகாணித் தலையின் பிளவைச் செதுக்கி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கேமராதான் காட்டிக்கொடுத்துவிடும். 25 மில்லிமீட்டர் வாய் கொண்ட லென்ஸ், அந்தக் குட்டிக் காரின் உலகத்தில் 60 சென்டிமீட்டர் அகல லென்ஸ். முன்சக்கரம் தெளிந்தால் வால் மங்கிவிடும். இந்த வேலைக்குச் சின்னஞ்சிறு லென்ஸ் உள்ள கைபேசியே மேல். வெளிச்சத்துக்கு மொட்டை மாடி வெயில். அறையின் நான்கடி டியூப் லைட், காருக்கு 96 அடி நீள விளக்கு, நிழலெல்லாம் கரைந்துவிடும். சூரியனோ குட்டிக் காருக்கும் பெரிய காருக்கும் வானத்தில் ஒரே அரை பாகை அகலம்தான். காருக்கும் தரைக்கும் உள்ள தூரம் 24 மடங்கு குறைவதால், நிழல் ஓரத்தின் மங்கலும் அதே 24 மடங்கு குறைந்துவிடுகிறது. தரைக்கு மட்டும் ஆற்றுமணல் ஆகாது: அரை மில்லிமீட்டர் மணல் இங்கே 12 மில்லிமீட்டர் ஜல்லி. முகப் பவுடரில் கொஞ்சம் காவிப் பொடி கலந்து தூவினால் ஸ்பாவின் சாலையோர மண் அளவுக்குச் சரியாக வரும். காற்றடிக்காத நேரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.