ஆடு மேய்ப்பதா அற்பத் தொழில்?

“நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு!” கணக்குத் தெரியாமல் விழிக்கும் மாணவனைப் பார்த்து வாத்தியார் வீசும் வசை இது. வீசுகிறவர் ஒருநாள், சித்திரை மாதத்தில் ஒரே ஒருநாள், இராஜபாளையத்துக்கு மேற்கே நூறு ஆடுகளை ஓட்டிச் செல்லட்டும். மாலையில் நூறையும் உயிரோடு பட்டி சேர்க்கட்டும். பிறகு பேசட்டும்!

ஆமாம் தோழர்களே, ஆட்டுக்காரன் போடுவதும் கணக்குத்தான். விடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். பத்து மணிக்குள் நிழல் சேர்க்க வேண்டும். வெயில் தாழ்ந்த பின் மறுபடி மேய்ச்சல். இடைப்பட்ட நேரத்தில் வேப்பமரமோ புளியமரமோதான் மாளிகை. நிழல் இல்லையா? செம்மறிகள் ஒன்றன் வயிற்றடியில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு வட்டமாக நின்றுவிடும். அருகில் புல் இருந்தாலும் அப்போது வாய் வைக்காது. ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீராவது வேண்டும். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கையில் நூறு ஆட்டுக்கு எத்தனை குடம்? வாத்தியார் போட்டுப் பார்க்கட்டும்!

அதோடு முடிந்ததா? செம்மறி தரையோடு தரையாகப் புல்லைக் கரும்பும். வெள்ளாடோ முன்னங்காலைத் தூக்கிக் கிளையைத் தேடும். உடலெல்லாம் செம்பொட்டு வைத்த வேம்பூர் ஆட்டுக்கும், கரிய முகத்தில் வெள்ளைக்கோடு இழுத்த கன்னி ஆட்டுக்கும் ஒரே பந்தி வைக்க முடியாது. புல் கருகிய காலத்தில் கருவேல நெற்றும் வாகை இலையும் அகத்திக் கொத்துமே வெள்ளாட்டுக்கு விருந்து. நக்குவதற்குத் தாது உப்புக் கட்டி ஒன்றைப் பட்டியில் தொங்கவிடுவதும் நல்லது.

கோடை மழை பெய்தால் ஆபத்து தீர்ந்தது என்பார் விவரம் அறியாதார். அப்போதுதான் ஆபத்தே! அறுத்த சோளக்கட்டையில் தளதளவென்று மறுதாம்பு துளிர்க்கும். பசியோடு போகும் ஆடு அதை மேய்ந்தால், சயனைடு நஞ்சு ஏறி, நிமிடங்களில் துடித்து விழும். புதுப்புல்லை வயிறுமுட்ட மேய்ந்தால் துள்ளுமாரி. முதலில் சாய்வது மந்தையின் கொழுத்த ஆடு. அதனால்தான் மழைக்கு முன்பே அதற்குத் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள்.

இன்னொரு எமன், ஆட்டுக்கொல்லி. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல், பிறகு சாவு. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டதே நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான், ஆண்டு 1987. அங்கே பிடித்த கிருமியையே வலுவிழக்கச் செய்து, நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி ஆக்கியது. பகைவன் கைவாளைப் பிடுங்கி அவனையே விரட்டும் வித்தை! ஒருமுறை போட்டால் மூன்றாண்டுக் காவல். இதன் பங்காளியான மாட்டு வெக்கை நோயை 2011-இல் உலகைவிட்டே ஒழித்தாகிவிட்டது. இதை ஒழிக்க 2030-ஐக் கெடுவாக வைத்திருக்கிறார்கள்.

ஊசி இருக்கிறது. ஆடு எங்கே போய் மேயும்?

மேற்கே மலை. 1988-இல் சாம்பல் நிற மலை அணிலுக்குச் சரணாலயமாயிற்று. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. சுருக்கிய பிறகும் நம் ஊர் மலை அந்த எல்லைக்குள்ளேதான் நிற்கிறது.

புலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேகமலைக் காடு செழித்தால்தான் வைகையில் நீர். மந்தையின் நோய் காட்டெருமைக்கும் மானுக்கும் தொற்றக்கூடும் என்பதும் பொய்யல்ல. ஆனால், கதவைச் சாத்தியவர்கள் மாற்றுவழி காட்டினார்களா? மேய்ச்சல் உரிமையைப் பேசும் வன உரிமைச் சட்டம் 2006-லேயே வந்ததே, அதை எத்தனை ஊரில் எடுத்துச் சொன்னார்கள்? மார்கழி முழுவதும் திருவில்லிபுத்தூரில் ஆயர்பாடியின் பெருமை பாடப்படுகிறது, கேட்டுப் பூரிக்கிறார்கள். சித்திரையில் உயிருள்ள ஆயன் ஒருவன் மந்தையோடு வந்து நின்றால், “போ அப்பால்!” என்கிறார்கள். பாட்டில் வரும் ஆயனுக்குப் பல்லாண்டு, பாதையில் வரும் ஆயனுக்கு அபராதமா?

அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் தாள் மேயலாம். புழுக்கை வயலுக்கு எருவாகும், ஆட்டுக்காரனுக்கும் கூலி கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வயல் தென்னந்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறிய இடத்தில் கிடைக்கு ஏது இடம்? மிஞ்சுவது ஊருக்கென்று ஒதுக்கிய மேய்ச்சல் புறம்போக்கு. ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றத் திட்டம் வகுக்குமாறு 2011 சனவரியில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. ஆணை இருக்கிறது. நிலம்?

மே முதல் நாள் கிராம சபை கூடும் நாள்; கத்திரி வெயில் நெருங்கும் நேரமும் அதுவே. ஆட்டுக்காரத் தோழர்கள் அன்றைக்கு மந்தையை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து உட்காருங்கள். மேய்ச்சல் புறம்போக்கு எந்தச் சர்வே எண்ணில், எத்தனை ஏக்கர், இன்று யார் கையில் என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கண்மாய்க் கரையில் தண்ணீர்த் தொட்டி கேளுங்கள். தடுப்பூசி முகாமைப் பகல் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வைக்காமல், ஆடு அவிழ்க்கும் முன்பே கிடைக்கு வந்து போடச் சொல்லுங்கள். அதுவரை, மந்தையில் ஆடு சுருண்டு விழுந்தால் 1962 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கான எண் அது.