தோள் தந்த துணிவு!

சென்ட்ரலை நோக்கி வரும் ரயில், பேசின் பிரிட்ஜில் சற்றே நின்று மூச்சு வாங்குவது வழக்கம். உள்ளே இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார், சன்னலையும் பார்ப்பார். ரயில் பெட்டிகளைக் கழுவிச் சீர்செய்யும் பணிமனை தெரியும். பக்கிங்காம் கால்வாயின் கருத்த நீர் தெரியும். நெருக்கியடித்து நிற்கும் வீடுகள் தெரியும். "இந்த வண்டி எப்போதுதான் நகருமோ?" என்று அலுத்துக்கொள்வார். தண்டவாளத்துக்கு அப்பால் வாழும் மக்களைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம், சினிமா காட்டிய கத்தியும் ரத்தமும்தான்!

அவர் காணாத காட்சி ஒன்று உண்டு. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும், பொழுது சாயும் வேளையில் ஏதோ ஒரு தகரக் கூரையின்கீழ் இரும்பு பேசும். பழைய பெஞ்சு, துருவேறிய தட்டுகள், சுவரில் ஒரு கண்ணாடி. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். ஒருவன் தூக்குவான்; மற்றவர் எண்ணுவர். "இன்னொன்று! இன்னும் ஒன்றே ஒன்று!" என்று குரல் கொடுப்பர். நேற்று வரை அதற்குத் தேகப்பயிற்சிச் சாலை என்று பெயர். இன்று ஜிம் என்கிறார்கள். பெயர் மாறிற்று, பொருள் மாறவில்லை.

"உடம்பை வளர்ப்பது அவனவன் சொந்த விவகாரம். அரசியல் ஏட்டில் அதற்கென்ன இடம்?" என்று கேட்கும் தோழர்களும் இருப்பார்கள். இடம் இருக்கிறது என்கிறோம். எதனால் என்பதையும் கூறிவிடுகிறோம்.

கூட்டிய ஆலை எங்கே?

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா, திரு. வி. க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் முன்நின்று அமைத்த சங்கம் அது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளி அதில்தான் தலை நிமிரக் கற்றான். ஒரே சங்கொலிக்கு எழுந்தார்கள். ஒரே வாயில் வழியே நுழைந்தார்கள். ஒரே நேரத்தில் உணவுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஆலை அவர்களை வாட்டிற்று என்பது உண்மை. அந்த ஆலையேதான் அவர்களை ஒன்று கூட்டிற்று என்பதும் உண்மை.

அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1983இல், சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் வந்துவிட்டது. நூறு முதுகுகள் சுமந்ததை ஒரு பாரந்தூக்கி சுமக்கத் தொடங்கிற்று. முதுகு ஒடியும் வேலை ஒழிந்ததற்காக நாம் அழப்போவதில்லை. ஆனால் அந்த முதுகுகள் ஒன்றோடொன்று உரசி வளர்த்த உறவும் கூடவே போயிற்றே, அதை யார் ஈடு செய்தார்கள்?

அந்தத் தொழிலாளியின் பேரனைப் பாருங்கள். இருசக்கர வண்டியில் பிறர் வீட்டுச் சோற்றைச் சுமந்து பறக்கிறான். கைப்பேசி கட்டளையிடுகிறது, இவன் ஓடுகிறான். இன்னொருவன் எண்ணூரில் ஒப்பந்தக் கூலி. இந்த மாதம் ஒரு வாயில், அடுத்த மாதம் வேறொரு வாயில். முதலாளியின் முகமும் தெரியாது, பக்கத்தில் நிற்பவன் பெயரும் தெரியாது. பேட்டையைச் சொன்னாலே புருவம் உயர்த்தும் நகரத்தில், வேலைக்கு மனுப் போடும்போது முகவரி எழுதவே தயங்குகிறான்.

இப்படித் தனித்தனியே உதிர்ந்து கிடப்பவர்கள், மாலையில் ஒரு மணி நேரம் ஒரே கூரையின்கீழ் கூடுகிறார்கள் என்றால், அது சின்னச் செய்தியா தோழர்களே?

வாத்தியார் வழி வந்த பரம்பரை

வடசென்னைக்கு இது புதிதன்று. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று குத்துச்சண்டைக்கென்றே பரம்பரைகள் கண்ட பூமி இது. பரம்பரை என்றால் ரத்த வழி என்பது உலக வழக்கு. வாத்தியார் வழி என்பது வடசென்னை வழக்கு! மீன்பிடிப்பவர் மகனும் துறைமுகக் கூலியின் மகனும் ரயில்வே ஊழியரின் மகனும் ஒரே வாத்தியாரின் கீழ் கயிறு தாண்டினார்கள், மணல் மூட்டையைக் குத்தினார்கள், தண்டாலும் பஸ்கியும் எடுத்தார்கள்.

வெள்ளையர் விட்டுச்சென்ற விளையாட்டை வெள்ளையரே வியக்க விளையாடினார்கள். ஆங்கிலோ இந்திய வீரர் டைகர் நாட் டெர்ரியைக் கித்தேரி முத்து வென்ற கதையையும், பெரியார் அவருக்குத் 'திராவிட வீரன்' எனப் பட்டம் தந்த கதையையும் இன்றும் மார்தட்டிச் சொல்பவர்கள் இப்பகுதியில் உண்டு. 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து மேடை ஏறினார், ஊரே திரண்டது. 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் சென்னையின் தேவராஜன் வெண்கலம் வென்றார். 2021இல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகுதான் பலருக்கு இந்த வரலாறு தெரிந்தது. வடசென்னைக்கு அது பாட்டன் சொன்ன வீட்டுக் கதை!

குத்துச்சண்டையிலே எதிரே ஒருவன் நிற்பான். பளுவிலே எதிரே இருப்பது இரும்பு மட்டும். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: கற்றுத் தருபவரும் கூட நிற்பவரும் இல்லாமல் எவரும் வளர்வதில்லை.

இரும்பு சொல்லும் பாடம்

"காலை முதல் மாலை வரை மூட்டை தூக்குகிறவனுக்கு மாலையிலும் தூக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுமை வேறு, பளு வேறு! சுமைக்கு அளவை வகுப்பவன் மேஸ்திரி. பளுவுக்கு அளவை வகுப்பவன் நீ. சுமை உன்னை ஒரே பக்கம் வளைக்கும். பயிற்சி முதுகை நேராக நிறுத்திச் சமமாக ஏற்றும். சுமைக்கு ஓய்வு கிடையாது. பயிற்சியிலோ ஓய்வும் ஒரு பாடம், ஏனெனில் ஓய்வில்தான் தசை தன்னைச் சீராக்கி வளர்கிறது. ஆள் சுமக்கும் பாரத்துக்கு ஒரு வரம்பு வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் உடன்படிக்கை கண்டது. வயது வந்த ஆணுக்கு 55 கிலோவே உச்சவரம்பு என்பது அத்துடன் வந்த பரிந்துரை. தொழிலாளி இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

வயது வந்தோர் அனைவரும் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. முப்பது வயதைத் தாண்டினால் தசை மெல்ல மெல்லக் கரையத் தொடங்குகிறது. பயன்படுத்துகிறவனிடம் அது தங்குகிறது. ஆகவே இது இளவட்டத்துக்கு மட்டும் சொன்ன வார்த்தையன்று, நாற்பதைத் தாண்டிய தோழர்களுக்கும் சேர்த்துத்தான்.

புதிதாக வந்தவன் வெறும் பாரோடு தொடங்குகிறான். அதுவே 20 கிலோ. முதல் நாள் கை நடுங்கும். சில வாரங்களில் இரண்டரை, ஐந்து என்று ஏற்றுகிறான். உடம்பிலே மாற்றம் தெரியாது. ஆனால் வலு வந்துவிட்டிருக்கும். தசை பருக்கும் முன்பே நரம்புகள் வேலையைக் கற்றுக்கொள்கின்றன என்பது அறிவியல் கண்ட உண்மை. கண்ணாடி சொல்லத் தயங்குவதை இரும்பு முதலில் சொல்லிவிடுகிறது! நேற்று முடியாதது இன்று முடிந்தது என்பதைத் தன் கையாலேயே அறிந்தவனை, "உன்னால் ஆகாது" என்று எவன் மிரட்ட முடியும்?

பெஞ்சிலே படுத்துப் பளுவை மார்புக்கு மேலே ஏற்றுகிறவனின் தலைமாட்டில் ஒருவன் நிற்கிறான். பளு பாதியில் நின்றால் அவன் கைதான் உயிரைக் காக்கும். அந்த நேரத்தில் "நீ என்ன சாதி?" என்று கேட்டுக்கொண்டா இருப்பான்? 1921 வேலைநிறுத்தத்தின்போது இதே புளியந்தோப்பில் தொழிலாளர் சாதியால் பிளவுபட்டார்கள். குடிசை எரிந்தது, குருதி சிந்திற்று, ஆலை முதலாளி வென்றார். அந்தப் புண்ணின் தழும்பு இன்னும் மறையவில்லை. தலைமாட்டில் நிற்கும் கையை நம்பிப் பளுவை இறக்கும் இளைஞன், அந்தத் தழும்புக்கு மருந்து தடவுகிறான் என்போம்.

சேர்ந்து செய்தால் வலி குறையும் என்பதற்கும் சான்று உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துத் துடுப்பு வீரர்களைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. தனியே துடுப்பு வலித்தபோது இருந்ததைவிட, குழுவாக ஒத்திசைந்து வலித்தபோது வலி தாங்கும் ஆற்றல் மிகுந்திருந்தது. வேலை அதேதான், கூட்டு மட்டுமே வேறு! ஏலேலோ பாடி வலை இழுத்த காசிமேட்டுக்கு இதைச் சொல்ல ஆக்ஸ்போர்டு வேண்டியதில்லை. ஆனாலும் அவர்களும் சொல்லிவிட்டார்கள், மகிழ்ச்சி.

வலிமை யாருக்கு?

இனிக் கசப்பான பேச்சுக்கு வருவோம். வலுவுள்ள தோளைத் தேடி நல்லவர்கள் மட்டும் வருவதில்லை. கந்துவட்டிக்காரன் வருவான், நிலம் பறிப்பவன் வருவான், தேர்தல் நேரத்தில் ஆள் சேர்ப்பவனும் வருவான். பயின்ற கையைக் கூலிக்கு வாங்குவான். வழக்கு வந்தால் கைகழுவுவான். எத்தனை நல்ல தோள்கள் இப்படிச் சிறைக்கும் சுடுகாட்டுக்கும் போயின என்பதை இந்தப் பேட்டைகளின் தாய்மார்களைக் கேளுங்கள்! நமக்கு வேண்டியவர் கேட்டாலும் இதே பதில்தான்: பயிற்சிக் கூடம் அடியாள் சந்தையாகக் கூடாது.

இன்னொரு சனியன் ஊசி. மூன்றே மாதத்தில் முறுக்கேறும் என்று ஆசை காட்டி ஸ்டீராய்டை ஏற்றுகிறார்கள். இதயத்தையும் ஈரலையும் அது கெடுக்கும். உடல் தானே சுரக்கும் ஆண்மைச் சுரப்பையும் அடக்கிவிடும். முட்டையும் வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் மீனும் போதும் தம்பி. மூன்று மாதத்தில் வராதது மூன்று ஆண்டில் வரும், வந்தால் நிலைக்கும்!

உடல் வலிமை மானத்துக்குத் துணையான வரலாறு நம்மிடம் உண்டு. வங்கத்து மனோகர் அய்ச் 4 அடி 11 அங்குல உயரம்தான். வெள்ளை அதிகாரியை அறைந்ததற்காகச் சிறை சென்றார். கருவி ஏதுமற்ற சிறைக்குள்ளேயே உடலை உரமாக்கினார். 1952இல் தம் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனார். நம் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம், 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கத்தைத் தூக்கினார். அவருடைய தந்தையும் பளு தூக்கியவரே.

பெண்களை மறந்துவிட்டுப் பேசினால் பேச்சு பாதியில் நிற்கும். 2000இல் சிட்னியில் ஆந்திரத்துக் கர்ணம் மல்லேசுவரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். மணிப்பூரில் விறகு சுமந்த சிறுமி மீராபாய் சானு, 2021இல் டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். வென்றதும் யாரை அழைத்து விருந்து வைத்தார் தெரியுமா? பயிற்சிக்குப் போகத் தம்மை இலவசமாக ஏற்றிச்சென்ற லாரி ஓட்டுநர்களை! ஏறிய படியை மறவாத உள்ளம் அது. உங்கள் வீட்டுப் பெண் குடம் தூக்கலாம், கல் சுமக்கலாம், பளு மட்டும் தூக்கக்கூடாதா? மகளையும் அழைத்துச் செல்லுங்கள் தோழர்களே!

நாம் கேட்பது அதிகமில்லை. மாநகராட்சி கட்டிய உடற்பயிற்சிக் கூடங்கள் பல உண்டு. கட்டினால் போதாது, சொல்லித்தரப் பயிற்சியாளர் வேண்டும், பழுதைப் பார்க்க ஆள் வேண்டும். ஷிப்டு முடிந்து வருபவனுக்கு இரவிலும் கதவு திறந்திருக்க வேண்டும். பெண்களுக்கென்று அச்சமற்ற நேரம் வேண்டும். ஆயிரக்கணக்கில் பணம் கட்டிக் குளிர்சாதன அறையில் பயில வசதியுள்ளவர் பயிலட்டும்; வசதியற்றவனுக்கு வார்டுக்கு ஒரு கூடம், வாசலில் பூட்டில்லாத கூடம் தேவை.

கழகத் தோழருக்கும் சங்கத் தோழருக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவின் கூடத்துக்குப் போங்கள். கொடியை வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள். உறுப்பினர் படிவத்தை நீட்டாதீர்கள். பக்கத்துப் பையன் பெஞ்சில் படுக்கும்போது தலைமாட்டில் போய் நில்லுங்கள். அவன் தடுமாறினால் கை கொடுங்கள். முடித்துவிட்டால் முதுகில் தட்டுங்கள். மறுநாள் அவன் வேலையிடத்தில் கூலி பிடித்தம் என்று வந்தால், யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.