புலி பாய்ந்தது வேறு ஊரில்

போன ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் காய்கறிக் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற தம்பியின் சட்டையில் மூவர்ணக் கொடி, நடுவில் பாயும் புலி. கேட்டதும், “நேதாஜி கொடி அண்ணே, நம்ம பாடாங்குல ஏத்தினது” என்றார் பெருமையாக. பின்னால் வரிசை நீண்டதால் பேச்சு அதோடு நின்றது. அவரிடம் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

அந்தப் புலி ஜெர்மனியில் பிறந்தது. வட ஆப்பிரிக்கப் போரில் பிடிபட்ட இந்திய வீரர்களைக் கொண்டு சுபாஷ் சந்திர போஸ் அங்கே ஒரு படையணியை உருவாக்கினார். அவர்களின் சட்டைக் கையில் மூவர்ணப் பட்டயம், அதில் பாயும் புலி, மேலே ‘சுதந்திர இந்தியா’ என்று ஜெர்மன் மொழியில் எழுத்து. புலி என்றதும் நமக்குச் சோழர் நினைவு வரும். ஆனால் சோழ முத்திரையில் புலி அமர்ந்திருக்கும். இந்தப் பாயும் புலியை மைசூரின் திப்பு சுல்தானோடு இணைத்தே பேசுகிறார்கள்.

சிங்கப்பூர்க் கதை வேறு. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, சரணடைந்த இந்திய வீரர்கள் 40,000 பேருக்கு மேல் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவருடைய ஆட்கள் கையில் கட்டியிருந்தது ‘எஃப்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. நட்பு, சுதந்திரம், ஃபுஜிவாரா ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அதுதான் முதலெழுத்து. இங்கே இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தக் கைப்பட்டையிலிருந்துதான் தொடங்குகிறது.

1943 ஜூலையில் போஸ் இங்கு வந்தார். 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் தலைமை ஏற்றார், மறுநாள் பாடாங்கில் அணிவகுப்பைப் பார்வையிட்டார். இங்கே பறந்தது இராட்டை பொறித்த மூவர்ணம். காந்தியின் இராட்டையைத் துப்பாக்கி ஏந்தியவர்கள் சுமந்தார்கள்! புலியைவிட எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

படையின் முழக்கம் ‘இத்திஃபாக், இத்திமாத், குர்பானி’. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள். ராணுவத்தின் பொதுமொழி ரோமன் எழுத்தில் எழுதிய ஹிந்துஸ்தானி. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்து, படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களிலும் பலர் தமிழர்கள். தாய்மொழியில் இல்லாத மூன்று சொற்களுக்காக உயிரைக் கொடுக்க அவர்கள் முன்வந்தார்கள்.

அந்தச் சொற்கள் பொறித்த நினைவுச் சின்னத்துக்கு எஸ்பிளனேட் கடற்கரையில் போஸ் 1945 ஜூலை 8ஆம் தேதி அடிக்கல் நாட்டினார். கர்னல் சிரில் ஸ்ட்ரேசி பொறுப்பேற்றுக் கட்டி முடித்தார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார், மவுண்ட்பேட்டனின் உத்தரவில் சில நாட்களிலேயே அதைத் தகர்த்தார்கள். ஒரு கல்லுக்கு அவ்வளவு அவசரம்! 1995இல் தேசிய மரபுடைமைக் கழகம் அந்த இடத்தில் அடையாளக் கல் ஒன்றை வைத்தது. மணிப்பூரின் மொய்ராங்கில் பழைய சின்னத்தின் மாதிரி நிற்கிறது.

அதே எஸ்பிளனேட் பூங்காவில், ஜப்பானியரை எதிர்த்துச் சிறையில் மாண்ட லிம் போ செங்கின் நினைவகமும் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக உயிர்விட்டவர்களுக்கு எழுப்பிய போர் நினைவுச் சின்னமும் இருக்கிறது. ஜப்பானியரோடு சேர்ந்து நின்ற படை நம்முடையது என்பதை மறைத்துவிட்டு அந்தக் கல்லைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் அந்த மூன்றரை ஆண்டு நினைவு வேறு. தோட்டத்திலிருந்து புறப்பட்ட நம் பாட்டிமாரின் நினைவு வேறு.

தம்பி அடுத்த முறை அதே சட்டையோடு எதிரே வந்தால், சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கச் சொல்வேன். பாடாங்கைத் தாண்டிச் சாலையைக் கடந்தால் பூங்கா வந்துவிடும். கல் சிறியது, நிதானமாகத் தேட வேண்டும்.