பழைய தானுந்து உதிரிப்பாக விற்பனை (சென்னை)

பழைய தானுந்து உதிரிப்பாக விற்பனை என்பது உழைத்து ஓய்ந்த அல்லது விபத்தில் சிதைந்த தானுந்துகளிலிருந்து கழற்றிய பாகங்களையும், உரிமையாளர் வேறு பாகம் பொருத்தியபின் மிஞ்சுபவற்றையும் மீண்டும் விற்பதாகும். சென்னையில் இதற்குப் பெயர்பெற்ற இடம் எழும்பூரை அடுத்த புதுப்பேட்டை ஆகும். கடைகளின் வழியாக அன்றி, தனியார் தமக்குள் விற்றுக்கொள்வதும் உண்டு. வேகத்திறனைக் கூட்டும் பாகங்கள் பெரும்பாலும் இவ்வாறே கைமாறுகின்றன.

இப்பாகங்களை நாடுவோரில் பந்தய ஆர்வலர்களும் அடங்குவர். போர்க்கால விமானத் தளமாயிருந்த சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர் அவை வானகரம், பூந்தமல்லி வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைத் தடத்திற்கு மாறின. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த அக்காலத்தில் வெளிநாட்டுப் பாகங்கள் எளிதில் கிடைக்கவில்லை.

சோதித்தல்

டர்போவின் தண்டினை விரலால் அசைத்துப் பார்ப்பர். எண்ணெய் இல்லாதபோது பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பே. முன்பின்னாக ஆடினால் தாங்கி தேய்ந்துள்ளது எனலாம். டிஸ்க் பிரேக் தட்டின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 எனில் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அலாய் சக்கரத்தில் பற்றவைத்த தழும்பு இருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுவதே நல்லது. விபத்தைக் கண்ட வண்டியின் இருக்கைப் பட்டை, காற்றுப்பை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

சட்டம்

எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதால், எஞ்சினை விற்பது சக்கரத்தை விற்பதைப் போன்றதன்று. வண்டியை உடைத்து விற்பவர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்துச் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும். இதைச் செய்யாதவரின் பெயரிலேயே அந்த எண் பதிவேட்டில் தொடரும். எஞ்சின் பின்னர் எவ்வண்டியில் பிடிபட்டாலும் விசாரணை முதலில் அவரது வாசலுக்கே வரும். வாங்குபவருக்கும் இடர் உண்டு. திருட்டுப் பொருள் என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி குற்றமாகும்.

பொதுச்சாலையில் ஓடும் வண்டியில் அனுமதியின்றி மாற்றம் செய்தால், 2019-இல் மாற்றியமைக்கப்பட்ட 182அ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதிக ஒலி எழுப்பும் சைலன்சரை விற்பவர்கள் இதனைச் சொல்வது அரிது.

தனியார் விற்பனையில் பாக எண், கழற்றிய வண்டியின் பதிவெண், இருவர் கையொப்பம் ஆகியவை கொண்ட ரசீது எழுதிக்கொள்வது இரு தரப்பினருக்கும் பாதுகாப்பாகும்.