'எந்தத் தெரு?' - மனநல சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கும் சாதி!

கயத்தாறு பக்கம் புதுசா யாரைப் பார்த்தாலும், 'எந்த ஊரு, எந்தத் தெரு?' என்று கேட்பார்கள். அது முகவரிக்கான கேள்வி மட்டுமல்ல என்று உங்களுக்கே தெரியும். தூக்கம் தொலைத்து, உதவி கேட்டு வந்த ஒருவரிடம் கவுன்சலரும் அதையே கேட்டால்? வந்தவர் அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு மனநல சிகிச்சை சமமாகக் கிடைப்பதில்லை என்று பல வருடங்களாகப் பேசுகிறார்கள். இங்கே நிறம் இருக்கும் இடத்தில் சாதி இருக்கிறது.

இலவசம்தான், ஆனால்...

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலப் பிரச்னை உள்ளவர்களில் 80 சதவிகிதத்துக்கும் அதிகமானோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால், கயத்தாறிலிருந்து தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. நிலமில்லாத குடும்பத்துக்கு அது பெரிய தொகை. நிலமில்லாதவர்களில் பெரும்பகுதி எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

'இப்பல்லாம் யாரு சாதி பாக்குறா?'

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டுக்காயத்துக்குத் தையல் போடலாம். தினம் தினம் படும் அவமானத்துக்கு? அது பயமாக, கோபமாக, படிப்பே வேண்டாம் என்ற வெறுப்பாக உள்ளே தங்கிவிடுகிறது. அதைச் சொல்லும்போது, 'நீயா கற்பனை பண்ணிக்காத' என்றால் அந்தச் சிகிச்சை அங்கேயே முடிந்தது. மாத்திரை தூக்கம் தரலாம். மறுநாள் டீக்கடையில், வகுப்பறையில் நடப்பதை அது மாற்றாது. அதையும் காது கொடுத்துக் கேட்பவரே நல்ல கவுன்சலர்.

சட்டம் உங்கள் பக்கம்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18 தெளிவாகச் சொல்கிறது: சாதி, மதம், பாலினம், வர்க்கம் என எந்தப் பாகுபாடும் இல்லாமல் சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசு இடங்களில் கட்டணமே கிடையாது. நீங்கள் சொன்னதை ரகசியமாக வைத்திருப்பதும் அவர்கள் கடமை (பிரிவு 23).

என்ன செய்யலாம்?

* 14416 - டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பஸ் செலவு இல்லை, சாதியைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.
* கவுன்சலர் சாதியைத் துருவினால், வேறு ஒருவரைக் கேளுங்கள். ஒருவர் சரியில்லை என்பதற்காகச் சிகிச்சையையே விட்டுவிடாதீர்கள்.
* நண்பன் மனசு விட்டுப் பேசினால் 'விட்றா மாப்ள' என்று முடிக்காமல், 'என்னடா நடந்துச்சு?' என்று கேளுங்கள். தேவைப்பட்டால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நம்பருக்கு நீங்களே போன் போட்டுக் கொடுங்கள்.