பாரிஸ் வைத்த முத்திரை

ஒரு கலைக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? அதை உண்டாக்கிய ஜனங்களிடமிருந்தா, அயல்நாட்டுச் சபைகளின் கைதட்டலிலிருந்தா? டாங்கோ நடனத்தின் சரித்திரத்தைப் படிப்பவர் மனத்தில் இக்கேள்வி எழாமல் இராது. இன்று அர்ஜென்டினா என்றதும் டாங்கோதான் நினைவுக்கு வருகிறது. அர்ஜென்டினாவும் உருகுவேயும் கூட்டாக விடுத்த வேண்டுகோளின்மீது, 2009-ம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. ஆனால் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன், அத்தேசத்துக் கனவான்கள் அந்தப் பெயரை வீட்டில் உச்சரிக்கவும் கூசினார்கள். இந்த மாறுதல் எப்படி நேர்ந்தது?

பிளாட்டா நதியின் இரு கரைகளிலும் உள்ள பியூனஸ் அயர்ஸ், மான்டிவிடியோ என்னும் துறைமுக நகரங்களே டாங்கோவின் தாயகம். பியூனஸ் அயர்ஸில் 1778-ல் எடுத்த கணக்கின்படி, நகர ஜனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆப்பிரிக்க வம்சத்தினர். பெரும்பாலோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய சந்ததியாருமே. அவர்கள் மேளம் கொட்டி ஆடிய கண்டோம்பே நடனம், நாட்டுப்புறப் பாடகர்களின் மிலோங்கா, கியூபாவிலிருந்து வந்த ஹபனேரா தாளம் ஆகியவை ஒன்றோடொன்று கலந்தன. பிறகு ஐரோப்பாவிலிருந்து குடியேற்ற வெள்ளம் புரண்டு வந்தது. 1869-ல் இருபது லட்சத்துக்கும் குறைவாக இருந்த அர்ஜென்டினாவின் ஜனத்தொகை 1914-ல் எழுபத்தெட்டு லட்சத்தைத் தாண்டியது. அவ்வாண்டில் தலைநகரவாசிகளில் சுமார் பாதிப்பேர் அந்நிய நாடுகளில் பிறந்தவர்கள். இத்தாலியரும் ஸ்பானியருமே அவர்களில் அதிகம்.

இவர்கள் வாழ்ந்தது எப்படி? பெரிய வீடுகளைக் கூறுபோட்டு, அறைக்கு ஒரு குடும்பமாக அடைத்து வைத்தார்கள். நடுமுற்றம் ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. துறைமுகக் கூலி, கசாப்புத் தொழிலாளி, படையிலிருந்து விலகிய சிப்பாய், ஊரை விட்டு வந்த தனியாள் ஆகியோர் கூடிய முற்றங்களிலும் மதுக்கடைகளிலும் தாசி வீடுகளிலும் டாங்கோ வளர்ந்தது. முதலில் புல்லாங்குழல், பிடில், கிதார் ஆகியவையே பக்க வாத்தியங்கள். பிறகு ஜெர்மனியிலிருந்து பான்டோனியோன் என்னும் வாத்தியம் வந்தது. நமது ஆர்மோனியத்தைப் போலக் காற்றும் உலோக நாக்குகளும் கொண்டு ஒலிப்பது அது; முழங்கால்மேல் வைத்து இரு கைகளாலும் இழுத்து வாசிக்க வேண்டும். அதன் விம்மும் குரல் சேர்ந்தபின் டாங்கோவின் நடை தணிந்தது, சோகம் கனத்தது.

இதைத்தான் மேல்வகுப்பார் ஆபாசம் என்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இரவில் இரகசியமாகச் சென்று ஆடினார்கள் என்பது வேறு விஷயம். அந்தப் பிள்ளைகளும் வாத்தியக்காரர்களும் டாங்கோவைப் பாரிஸுக்குக் கொண்டுசென்றனர். 1913-ல் அந்நகரம் டாங்கோப் பைத்தியம் பிடித்து ஆடியது. இராணுவ உடுப்பில் இருக்கும்போது அதை ஆடலாகாது என்று ஜெர்மன் கெய்ஸர் தமது அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். 1914 ஜனவரியில் பாரிஸ் ஆர்ச்பிஷப் அதைக் கண்டித்தார். இவை வியப்பல்ல. பாரிஸிலிருந்த அர்ஜென்டினா ஸ்தானிகரே, 'எங்கள் நாட்டில் அது கெட்ட வீடுகளில் ஆடப்படுவது' என்ற கருத்துப்படப் பேசினாராம். அதுதான் வேடிக்கை! ஆனால் பாரிஸ் சீமாட்டிகள் ஆடிய பிறகு ஸ்தானிகரின் வார்த்தை எங்கே எடுபடும்? பியூனஸ் அயர்ஸ் மாளிகைகளின் கதவுகள் திறந்தன. உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். வெளியூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பியதும் அதற்கே விலை ஏறிவிட்டது.

எனினும், டாங்கோவை வாழவைத்தது பாரிஸ்தான் என்று சொல்வது பெரும் பிழை. 1912-ல் அர்ஜென்டினாவில் ஆண்களுக்கு இரகசிய, கட்டாய வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1916-ல் அதன்படி நடந்த தேர்தலில் ஹிப்போலிட்டோ இரிகோயென் ஜனாதிபதியானார். சாமானியனின் வாக்குக்கு மதிப்பு வந்த அதே காலத்தில் அவனுடைய பாட்டுக்கும் மதிப்பு வந்தது. 1917-ல் கார்லோஸ் கார்டெல், காதலியைப் பிரிந்தவனின் துயரத்தை டாங்கோவாகப் பாடினார். அதுவரை பெரும்பாலும் காலுக்குரியதாக இருந்த டாங்கோ நெஞ்சுக்கும் உரியதாயிற்று. 1935-ல் கொலம்பியாவில் விமான விபத்தில் அவர் மாண்டபோது தேசமே அழுதது.

சர்க்கார்களுக்கும் இதன் பலம் தெரிந்திருந்தது. 1943-ல் அதிகாரத்தைக் கைப்பற்றிய இராணுவத்தினர், டாங்கோப் பாட்டுக்களில் வழங்கிய நகரத்துக் கொச்சை மொழியை வானொலியில் தடுத்தார்கள். பழம் பாட்டுக்களின் வார்த்தைகளே மாற்றப்பட்டன. பியானோ மேதை ஓஸ்வால்டோ புக்லியேஸே தமது வாத்தியக் குழுவைக் கூட்டுறவு முறையில் நடத்தி, வருமானத்தைப் பங்கிட்டுக் கொண்டவர், கம்யூனிஸ்டு. அதற்காகப் பலமுறை சிறை சென்றார். அவர் சிறையிலிருந்த நாட்களில் குழுவினர் அவருடைய பியானோமேல் ஒரு சிவப்புப் பூவை வைத்துக் கச்சேரி செய்தார்கள். ஆயிரம் பிரசங்கங்கள் சொல்லாததை அந்தப் பூ சொல்லிற்று.

1955-ல் மற்றோர் இராணுவப் புரட்சி வந்தது. அதன்பின் நடன மண்டபங்கள் மங்கின. வாலிபர்கள் அமெரிக்க ராக் இசையின் பக்கம் திரும்பினர். ஐரோப்பிய சங்கீத மேதையாக வேண்டுமென்று 1954-ல் பாரிஸ் சென்ற அஸ்டோர் பியாசோலாவிடம், அவருடைய ஆசிரியை நாடியா புலான்ஷே, 'உமது உண்மைச் சரக்கு டாங்கோதான். அதை விடாதீர்' என்று அறிவுரை கூறினார். ஊர் திரும்பி அவர் படைத்த புது டாங்கோவைப் பழமைவாதிகள் ஏசினார்கள், உலகம் போற்றியது. 1983-ல் பாரிஸில் அரங்கேறிய 'டாங்கோ அர்ஜென்டினோ' என்ற நாட்டிய நிகழ்ச்சி 1985-ல் நியூயார்க்கையும் வென்றது. அதன் பிறகே தாய்நாட்டு இளைஞர்கள் பலர் தங்கள் பாட்டன்மாரின் நடனத்தைக் கற்க விரைந்தனர். மறுபடியும் பாரிஸின் முத்திரை!

முத்திரை வைப்பவன் பொன்னை உண்டாக்குவதில்லை. பொன், அந்த முற்றங்களில் இருந்தது. மேலும், முத்திரைக்கு ஒரு குறையும் உண்டு: மாளிகைக்கு ஏற்றதை மட்டுமே அது காட்டும். பாரிஸ் புகழ்ந்த டாங்கோவில் கறுப்பரின் மேளம் மறைந்துபோயிற்று. அவர்கள் பெயரும் நெடுங்காலம் சரித்திரத்தில் அடிக்குறிப்பாகவே நின்றது. அயலார் மதித்த பின் ஒரு கலையைக் கொண்டாடுவது சுலபம். அதைப் பெற்று வளர்த்த ஏழைகளையும் சேர்த்துக் கொண்டாடுவதே தேசாபிமானம் என்பது நமது அபிப்பிராயம்.