நான்கு நிறச் சீட்டும் ஒரு பொத்தானும்

மேடவாக்கத்தையும் தாம்பரத்தையும் இணைப்பது ஒரே வேளச்சேரி சாலைதான். ஆனால் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் இரண்டுக்கும் முறையே வேறு. மேடவாக்கம் ஊராட்சி. தாம்பரமோ பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று பல ஊர்களைச் சேர்த்துக்கொண்டு 2021 நவம்பரில் மாநகராட்சியானது. அதற்கு முந்தைய மாதம் செங்கல்பட்டு உள்ளிட்ட 9 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல். 2022 பிப்ரவரி 19 அன்று புதிய மாநகராட்சியின் 70 வார்டுகளுக்கும் முதல் தேர்தல். அரசுப் பள்ளி ஆசிரியையான நான் இரண்டிலும் வாக்குப்பதிவு அலுவலராக இருந்தேன்.

மேடவாக்கம் பக்கத்து ஊராட்சியில் எனக்கு வாக்குச்சீட்டு வழங்கும் வேலை. ஒரு வாக்காளருக்கு நான்கு சீட்டு: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். "டீச்சரம்மா, இதுல தலைவருக்கு எது?" என்று ஒரு பாட்டி கேட்டார். "ரோஸ் கலர் பாட்டி. முத்திரையைக் குத்திட்டு, மை மத்த பக்கம் ஒட்டாம மடிச்சுப் போடுங்க" என்றேன். சின்னத்தைப் பற்றி ஒரு சொல்கூட நம் வாயிலிருந்து வரக்கூடாது, நிறத்தைச் சொல்லலாம். அந்த எல்லையை நாள் முழுக்கக் காப்பதுதான் எங்கள் வேலையின் உயிர் என்று நினைக்கிறேன். நான்கும் ஒரே பெட்டிக்குள் விழும். எண்ணும் இடத்தில் முதலில் நிறம் நிறமாகப் பிரித்துக் கட்டுவார்கள்; ஊரக முடிவுகள் நள்ளிரவைத் தாண்டுவது அதனால்தான்.

தாம்பரத்தில் இயந்திரம். மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பதால் வாக்காளருக்கு ஒரே ஓட்டு. காலை ஏழு மணிக்கு முன்பே ஏஜென்ட்டுகள் எதிரில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, கணக்குச் சரியாக இருப்பதைக் காட்டி, அதை அழித்து, இயந்திரத்தில் இப்போது ஓட்டு எதுவும் இல்லை என்பதையும் காட்டிவிட்டு முத்திரையிடுவோம். பிறகு ஒருவர் பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்கப் படிப்பார், ஒருவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். கண்ட்ரோல் யூனிட்டில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்தவர் ஓட்டுப் போட முடியும். போட்டதும் நீளமாக ஒரு 'பீப்'. அவ்வப்போது இயந்திரம் காட்டும் மொத்தத்தையும் பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணையும் ஒப்பிடுவோம். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசை நின்றால் டோக்கன் கொடுப்போம். கடைசி ஆளில் தொடங்கி முன்னோக்கி வருவோம். அப்போதுதான் புதிதாக யாரும் பின்னால் ஒட்டிக்கொள்ள முடியாது. டோக்கன் வாங்கியவர் எத்தனை மணியானாலும் ஓட்டுப் போடலாம்.

என்னை வருத்துவது வேறு. கையில் வாக்காளர் அட்டையோடு ஒருவர் வருவார், பட்டியலில் பெயர் இருக்காது. நம் புறநகரில் வாடகை வீடு மாறுவது சாதாரணம். சேலையூரிலிருந்து பெருங்களத்தூருக்குப் போனவரின் பெயர் பழைய வீட்டுப் பகுதியின் பட்டியலிலேயே கிடக்கும், அல்லது நீக்கப்பட்டிருக்கும். அட்டை அவர் யார் என்பதைத்தான் காட்டும். ஓட்டுரிமை தருவது அந்தச் சாவடியின் பட்டியல். "முப்பது வருஷமா ஓட்டுப் போடறேம்மா" என்று ஒரு பெரியவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவரை அனுப்பத்தான் வேண்டியிருந்தது. அன்று பக்கத்துச் சென்னை மாநகராட்சியில் பதிவானது சுமார் 44 சதவீதம். வர மனமில்லாதவர்கள் நிறையப் பேர் இருந்த நாளில், வந்தவரைத் திருப்பி அனுப்புவது எத்தனை கொடுமை!

உள்ளாட்சிப் பட்டியல் தயாராவது சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான். அதனால் அங்கே சரிசெய்தால் இங்கேயும் சரியாகும். வீடு மாறினால் படிவம் 8, புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம், இணையத்திலும் நிரப்பலாம். தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.